வானதூதர் பாட்டு இறங்கி வந்த வழி

யூத ஜெபஆலயத்தில் காலைத் தொழுகை நடக்கும் நேரம் போய் நின்றால் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். தொழுகை ஒரு கட்டத்துக்கு வந்ததும் எல்லோரும் இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்து நிமிர்ந்து நிற்பார்கள். 'பரிசுத்தர்' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லை மூன்று முறை சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் குதிகால்கள் தரையை விட்டு எழும். முழங்கால் வலிக்காரர்கூட முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எம்பப் பார்ப்பார். குறைந்தது பத்துப் பேர் கூடியிருந்தால்தான் இதைச் சொல்லலாம் என்பது சட்டம். வீட்டில் தனியாகத் தொழுகிறவர் இந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே போக வேண்டும்.

இதற்குக் கெதுஷா என்று பெயர். ஏன் இந்த எம்பல் என்று கேட்டால் வரும் பதில் எளிமையானது. இந்தப் பாட்டு மனிதர்களுடையது அல்ல, வானதூதர்களுடையது. அவர்களுடைய பாதம் பிளவில்லாமல் ஒன்றாக இருக்குமாம், அதனால் நாமும் கால்களை ஒட்டி நிற்கிறோம். அவர்கள் பறக்கிறார்கள். நம்மால் ஆனது குதிகாலைத் தூக்குவது.

இந்தப் பாட்டு எங்கே பிறந்தது, யார் யார் இதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள், பத்துப் பேர் கூடும் சாதாரண அறைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுக் கதை. அதில் எனக்குத் தெரிகிற ஒழுங்கு ஒன்றுதான்: கோவில் கைவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் இந்தப் பாட்டு ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது.

முதலில் இது காதில் விழுந்தது எருசலேம் கோவிலில், கி.மு. 740ஐ ஒட்டிய ஆண்டில். உசியா அரசன் இறந்த வருடம் என்று ஏசாயா தீர்க்கதரிசியே கணக்குக் காட்டுகிறார். இந்த உசியாவைப் பற்றி நாளாகமத்தில் ஒரு கதை உண்டு. அரசன் என்ற மிதப்பில் கோவிலுக்குள் நுழைந்து தானே தூபம் காட்டப் போனான். அது ஆசாரியர்களின் உரிமை. எண்பது ஆசாரியர்கள் சேர்ந்து மறித்தார்கள். அவன் கோபத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் குஷ்டம் கண்டது. சாகும்வரை தனி வீட்டில் ஒதுங்கிக் கிடந்தான். உள்ளே போக உரிமையில்லாத அரசன் செத்த வருடத்தில்தான் ஏசாயாவுக்குக் கோவிலின் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது: உயர்ந்த சிம்மாசனம், புகை, அதிரும் வாசல் நிலைகள், ஒருவரை நோக்கி ஒருவர் அந்த மூன்று சொல்லைக் கூவும் சேராபீன்கள்.

சேராபீன் என்றதும் கிறிஸ்துமஸ் அட்டையில் வரும் கொழுகொழுப் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும். இவற்றுக்கு ஆறு சிறகுகள். இரண்டால் முகத்தை மூடும், இரண்டால் காலை மூடும், மிச்சம் இரண்டால் பறக்கும். அதே நூற்றாண்டைச் சேர்ந்த யூதாவின் முத்திரைக் கற்களில் நான்கு சிறகு விரித்த நாகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஏசாயா கண்டதும் அந்த மாதிரியான நெருப்பு நாகங்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அவற்றின் குரலுக்குக் கட்டடம் ஆடியது என்று படிக்கும்போது அதுதான் பொருத்தமாகவும் படுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏசாயா கூடச் சேர்ந்து பாடவில்லை. தன் உதடு அசுத்தமானது என்று நடுங்குகிறார். பலிபீடத்து நெருப்புத் தணலை ஒரு சேராபீன் குறட்டால் எடுத்துவந்து அவர் வாயில் வைக்கிறது. அப்போதும் அவருக்குக் கிடைப்பது தூது போகிற வேலைதான், பாடுகிற உரிமை இல்லை.

சுமார் நூற்றைம்பது ஆண்டு கழித்து, கி.மு. 593இல், பாட்டு பாபிலோனில் கேட்கிறது. எசேக்கியேல் ஆசாரியக் குடும்பத்துக்காரர். நாடுகடத்தப்பட்டு, நிப்பூர் வட்டாரத்தில் கேபார் கால்வாய்க் கரையில் வாழ்ந்தார். எருசலேம் கோவில் இடிய இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. ஆனால் கால்வாய்க் கரையில் இருந்தவர்களுக்கு அது அப்போதே எட்டாத இடம். கோவிலுக்குப் போக முடியாத ஆசாரியனிடம் சிம்மாசனமே வந்தது, சக்கரம் பூட்டிக்கொண்டு. மனிதன், சிங்கம், எருது, கழுகு என நான்கு முகம் கொண்ட உயிர்கள், சக்கரத்துக்குள் சக்கரம், சக்கர விளிம்பெங்கும் கண்கள். சிறகோசை பெருவெள்ளத்தின் இரைச்சலைப் போல இருந்ததாம். அவர் முதுகுக்குப் பின்னால் கேட்ட ஒரு வாழ்த்து பின்னாளில் கெதுஷாவின் இரண்டாம் வரியாயிற்று. முதல் வரி ஏசாயாவிடமிருந்து, இரண்டாவது எசேக்கியேலிடமிருந்து. ஒன்று கோவிலில் கேட்டது, மற்றது அகதி முகாமில் கேட்டது.

எசேக்கியேலின் முதல் அதிகாரம் பிற்கால யூத ஆசான்களுக்கு நெருப்பைக் கையில் பிடித்த மாதிரி. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, இந்தத் தேர்த் தரிசனத்தை ஒரே ஒரு மாணவனுக்குக்கூட விளக்கக் கூடாது, அவன் தானாகவே புரிந்துகொள்ளும் ஞானியாக இருந்தாலொழிய என்று கட்டுப்பாடு போடுகிறது. தேருக்கு எபிரேயத்தில் மெர்க்காவா. யூத மறைஞான மரபின் முதல் கிளைக்கே அந்தப் பெயர்தான் நிலைத்தது.

எருசலேமில் கோவில் மறுபடி எழுந்தது. ஆனால் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோவிலை ஏற்க மறுத்த ஒரு கூட்டம் கிளம்பியது. சாக்கடலின் வடமேற்குக் கரையில், கும்ரானில் வாழ்ந்தவர்கள். அவர்கள் கொண்டாடிய நாட்காட்டிக்கு 364 நாள், சரியாக 52 வாரம். வருடம் எப்போதும் புதன்கிழமையில் பிறக்கும். ஆகவே எந்தப் பண்டிகையும் வருடா வருடம் ஒரே கிழமையில் வரும். எருசலேம் ஆசாரியர்களோ சந்திரனைப் பார்த்து நாள் குறித்தார்கள். தப்பான நாளில் கொடுக்கும் பலி பலியே இல்லை என்பது கும்ரான்காரர்களின் கட்சி. பஞ்சாங்கச் சண்டையில் மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பது நமக்குத் தெரியாதது அல்ல.

பலி இல்லை என்றால் ஓய்வுநாளில் என்ன செய்வது? அவர்களிடம் பதின்மூன்று பாட்டு இருந்தது. ஆய்வாளர்கள் 'ஓய்வுநாள் பலியின் பாடல்கள்' என்கிறார்கள். ஒரு காலாண்டில் வரும் பதின்மூன்று ஓய்வுநாளுக்கு ஒவ்வொன்று. எந்த மாதத்தின் எந்தத் தேதிக்குரியது என்று ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் குறிப்பு இருக்கும். முதல் பாட்டு முதல் மாதம் 4ஆம் தேதிக்கு உரியது. அங்கேயே 364 நாள் கணக்கு வெளிப்பட்டுவிடுகிறது: வருடம் புதன்கிழமை பிறந்தால் முதல் சனிக்கிழமை 4ஆம் தேதிதான்.

பாட்டுக்குள் நடப்பது என்ன? பூமியில் ஒரு சிறு கூட்டம் நின்றுகொண்டு, வானத்தில் நடக்கும் வழிபாட்டை அழைப்பும் வர்ணனையுமாகச் சொல்கிறது. மேலே ஒரு கோவில். அதில் ஆசாரியர்கள் வானதூதர்கள். ஏழு தலைமைத் தூதர்கள், ஏழு வாழ்த்து, ஒவ்வொன்றிலும் ஏழு அற்புதச் சொல் என்று ஏழேழாக அடுக்கிக்கொண்டே போகிறது. நடுவில் வரும் ஏழாம் பாட்டுதான் உச்சம். அதில் தூதர்கள் மட்டும் பாடவில்லை. கோவிலின் அடித்தளம், சுவர், உத்தரம், கதவு எல்லாம் உயிர்பெற்றுத் துதிக்கின்றன. பன்னிரண்டாம் பாட்டில் தேர் வருகிறது. பதின்மூன்றாவதில் வானத்து ஆசாரியர்களின் உடை, நெசவின் நிறங்கள் உட்பட. தொடக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் மனிதக் குரல் தன்னைப் பற்றிப் பேசுகிறது. மண்ணான எங்கள் நாவின் காணிக்கை இவர்களுக்கு முன்னால் எதற்கு ஈடு என்று கூசிக் கேட்கிறது. பிறகு அந்தக் குரல் ஒளிந்துகொள்கிறது.

எனக்கு வியப்பானது வேறொன்று. தூதர்கள் துதித்தார்கள், உயர்த்தினார்கள், ஆசீர்வதித்தார்கள் என்று பக்கம் பக்கமாக வருகிறது. அவர்கள் பாடிய சொல் மட்டும் எங்கும் இல்லை. கிடைத்த துண்டுகளில் ஏசாயாவின் மூன்று சொல் கூட எழுதப்படவில்லை. கச்சேரியைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டுப் பாட்டின் வரியை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது போன்ற கட்டுப்பாடு. தேரின் பக்கத்தில் கேட்பதையும் அவர்கள் அமைதியின் ஒலி என்றே விவரிக்கிறார்கள். ஆக, கும்ரான்காரர்கள் பாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். வாயால் பாடினார்களா என்று கேட்டால், இந்தச் சுருள் இல்லை என்றுதான் சொல்கிறது.

இந்தப் பாடல்களை அவர்களே இயற்றினார்களா, முன்பே இருந்ததை எடுத்துக்கொண்டார்களா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். சண்டைக்குக் காரணம் ஒரு துண்டுத் தோல். கும்ரானில் நான்காம் குகையில் எட்டுப் பிரதி, பதினொன்றாம் குகையில் ஒன்று என்று கிடைத்தன. பத்தாவது பிரதி கிடைத்த இடம் தெற்கே, பாலைவனக் குன்றின் உச்சியில் உள்ள மசாடாக் கோட்டை. ரோமப் படையை எதிர்த்த கடைசிக் கலகக்காரர்கள் கி.பி. 73 அல்லது 74இல் மடிந்த இடம். 1963 முதல் 1965 வரை அங்கே அகழாய்வு நடத்திய யிகாயேல் யாதின் குழுவுக்கு மதிலையொட்டிய அறை ஒன்றில் அந்தத் துண்டு கிடைத்தது. அதில் ஆறாம் ஓய்வுநாள், இரண்டாம் மாதம் 9ஆம் தேதி என்ற தலைப்பு தெளிவாக இருந்தது. விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள்: முதல் மாதம் 4, 11, 18, 25, மாதத்துக்கு 30 நாள், இரண்டாம் மாதம் 2, பிறகு 9. கும்ரான் பஞ்சாங்கம்தான், சந்தேகமில்லை. கும்ரானிலிருந்து யாரோ ஒருவர் தப்பி ஓடும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டிய பொருள் என்று இதை நினைத்திருக்கலாம். அல்லது கும்ரானுக்கு வெளியிலும் இந்தப் பாட்டைப் படித்தவர்கள் இருந்திருக்கலாம். எனக்கு இரண்டாவதில் சாய்வு அதிகம்.

நான்காம் குகைத் துண்டுகளின் கதை இதைவிடப் பரிதாபம். 1952இல் குகை கண்டெடுக்கப்பட்டபோது முழுச் சுருள் என்று எதுவும் இல்லை. வௌவால் எச்சத்திலும் மண்ணிலும் புதைந்த சுமார் 15,000 துண்டுகள். சில விரல்நக அளவு. கிழக்கு எருசலேமில் இருந்த அருங்காட்சியகத்தின் நீண்ட மேசைகளில் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அவற்றைப் பரப்பி, எழுத்தின் சாய்வையும் தோலின் நிறத்தையும் பார்த்து எது எதோடு சேரும் என்று இளம் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தேடினார்கள். சேர்ந்ததை ஒட்டுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது சாதாரண செல்லோடேப். இரண்டாயிரம் ஆண்டு குகையில் தாங்கிய தோலை அந்தப் பசை சில பத்தாண்டுகளில் கருக்கிவிட்டது. அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உரித்தெடுப்பதற்கென்றே 1991 முதல் இஸ்ரேலில் ஒரு பாதுகாப்புக்கூடம் இயங்குகிறது.

அந்த மேசையில் உட்கார்ந்தவர்களில் ஒருவரான ஜான் ஸ்ட்ரக்னெல் இந்தப் பாடல்களின் சில பகுதிகளை 1960இல் வெளியிட்டார். முழுப் பதிப்பைக் கரோல் நியூசம் 1985இல்தான் கொண்டுவந்தார். கால் நூற்றாண்டு. சாக்கடல் சுருள் உலகில் இதைத் தாமதம் என்றே யாரும் சொல்வதில்லை. 2012 முதல் துண்டுகளின் படங்கள் இணையத்தில் இலவசம்.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் கோவிலை எரித்தார்கள். பலி நின்றது. ஆசாரியர்களுக்கு வேலை போனது. பாட்டு இப்போது இரண்டு பேர் கையில் இறங்கியது. ஒரு பக்கம் யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் ஆசான்கள், இன்னொரு பக்கம் 'தேருக்கு இறங்குகிறவர்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட மறைஞானிகள். ஏறுவதை இறங்குவது என்று ஏன் சொன்னார்கள் என்பதற்கு இன்றுவரை விளக்கம் மேல் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மறைஞானிகள் விட்டுப்போன எழுத்துக்கு ஹெக்காலோத் இலக்கியம் என்று பெயர். அரண்மனைகள் பற்றியது. ஏழு வானம் கடந்தால் ஏழு அரண்மனைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. ஒவ்வொரு வாசலிலும் காவல் தூதர்கள், சாதாரணக் காவலர்கள் அல்ல. கண்ணிலிருந்து மின்னல், மூக்கிலிருந்து நெருப்பு ஆறு. அவர்களிடம் முத்திரை காட்ட வேண்டும், ரகசியப் பெயர் சொல்ல வேண்டும். ஆறாம் அரண்மனையின் பளிங்குத் தளம் லட்சம் அலை புரள்வது போல மின்னும். அதைப் பார்த்து 'இது என்ன தண்ணீர்' என்று கேட்டுவிட்டால் போச்சு. பொய் சொல்கிறாய் என்று இரும்புக் கோடரிகள் தலையில் விழும். தல்மூதிலும் இதன் எதிரொலி உண்டு: நான்கு ஆசான்கள் ஒரு தோட்டத்துக்குள் போனார்கள், பென் அசாய் செத்தார், பென் சோமா சித்தம் கலங்கினார், எலிஷா பென் அபூயா மதத்தை விட்டு விலகினார், அகிபா மட்டுமே நல்லபடியாகத் திரும்பினார்.

எப்படிப் போனார்கள் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பாபிலோனியாவின் பும்பெதீத்தா கல்விச்சாலைத் தலைவராக இருந்து 1038இல் இறந்த ஹாய் காவோன், கேள்வி கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதும்போது விவரிக்கிறார்: சில நாள் விரதம் இருக்க வேண்டும், தலையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும், தரையைப் பார்த்துப் பாட்டுகளை முணுமுணுக்க வேண்டும். ஜெபஆலயத்தில் நிமிர்ந்து எம்பி நிற்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! ஒன்று ஊரறிய, மற்றது குறுகி மடங்கி, தனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

அந்த நூல்களில் ஒரு காட்சியை நான் மறக்கவே இல்லை. ஆசான் நெகுன்யா பென் ஹகானா அமர்ந்திருக்கிறார். உடல் இங்கே, பார்வை சிம்மாசனத்தின் முன்னால். கண்டதை அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு இடம் புரியவில்லை. அவரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? தட்டி எழுப்பினால் உயிர் போகலாம். இஸ்மவேல் என்ற மாணவர் ஒரு வழி செய்கிறார். மெல்லிய துணி ஒன்றை, தீட்டுக் கழிந்ததா இல்லையா என்று சட்டத்தில் நூலிழை அளவு சந்தேகம் உள்ள ஒரு பெண்ணின் விரல்நுனியில் படவைத்து, ஆசானின் முழங்காலில் போடுகிறார். பெரிய தீட்டு என்றால் மேலே அவரை அழித்துவிடுவார்கள். இது தீட்டு என்று சொல்ல முடியாத அளவுக்குத் தீட்டு. வானத்தில் அதைக் கண்டுபிடித்து, காயம் இல்லாமல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கண் திறந்தார். மாணவர்கள் கேள்வியைக் கேட்டார்கள். வாசல்காப்பான் அதிகாரத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்து, அதையே தந்திரமாகப் பயன்படுத்திய கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இத்தனை வாசலும் தாண்டி உள்ளே போனால் இருப்பது என்ன? அந்த மூன்று சொல்தான். ஹெக்காலோத் பாட்டுகள், சொல் மேல் சொல்லாக அடுக்கி, மூச்சு வாங்காமல் ஏறி, கடைசியில் ஏசாயாவின் வரியில் வந்து முடிகின்றன. கும்ரான் சுருள் வாய்க்குள் வைத்திருந்ததை இவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். தூதர்களுக்கோ அது சுகமான வேலை இல்லை. மூன்றாம் ஏனோக்கு என்று வழங்கும் நூலில், முறை தவறி முந்தியோ பிந்தியோ பாடும் தூதர்கள் கடவுளின் சுண்டுவிரலிலிருந்து புறப்படும் நெருப்பில் சாம்பலாகிறார்கள். புதியவர்கள் அவர்கள் இடத்தில் படைக்கப்படுகிறார்கள். தல்மூதில் இன்னொரு செய்தி: தினமும் நெருப்பு ஆற்றிலிருந்து பிறக்கும் தூதர் கூட்டம் ஒரே ஒரு பாட்டைப் பாடிவிட்டு மறைந்துபோகிறது. அந்த ஆறு எங்கிருந்து வருகிறது? சிம்மாசனத்தைத் தாங்கும் உயிர்களின் வியர்வையிலிருந்து.

தூதர்களை இப்படிப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு அவர்களையே கும்பிடத் தோன்றாதா? தோன்றியது. ஆசான்களுக்கு அந்தப் பயம் கடைசிவரை இருந்தது. தூதர் தலைவன் மிகாயேலின் பெயரால் ஆடு அறுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. யாரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. துன்பம் வந்தால் மிகாயேலைக் கூப்பிடாதே, காபிரியேலைக் கூப்பிடாதே, நேரே என்னைக் கூப்பிடு என்று கடவுளே சொல்வதாக எருசலேம் தல்மூதில் வருகிறது. எலிஷா பென் அபூயா மதத்தை விட்டதற்குத் தல்மூத் சொல்லும் காரணமும் இதைச் சார்ந்ததே. மேலே மெத்தாத்ரோன் என்ற தூதன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். வானத்தில் உட்காரும் உரிமை ஒருவருக்குத்தானே, அப்படியானால் இரண்டு அதிகாரம் உண்டோ என்று நினைத்துவிட்டார். எழுந்து நிற்காத குற்றத்துக்கு மெத்தாத்ரோனுக்கு அறுபது நெருப்புச் சவுக்கடி.

சட்டம் ஒரு பக்கம், வீட்டு வழக்கம் ஒரு பக்கம். எசேக்கியேல் தேரைக் கண்ட அதே நிப்பூரில், ஆயிரம் ஆண்டு கழித்து வாழ்ந்த யூதக் குடும்பங்களும் பிறரும் மண்கிண்ணத்தின் உட்புறத்தில் தூதர் பெயர்களைச் சுழலாக எழுதி, பேய் அண்டாமலிருக்க வீட்டுத் தரையில் கவிழ்த்துப் புதைத்தார்கள். 1888, 1889இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது அவை கிடைத்தன.

தல்மூத் ஆசான்கள் பாட்டை அடக்கி வைத்த விதம் மறைஞானிகளுடையதைவிடத் துணிச்சலானது என்பேன். அவர்கள் தூதர்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளினார்கள். ஹுல்லின் என்ற தல்மூத் நூலில் இது இருக்கிறது. கீழே இஸ்ரவேலர் பாடி முடிக்கும்வரை மேலே தூதர்கள் வாய் திறக்க முடியாது. இஸ்ரவேலர் இரண்டு சொல்லுக்குப் பிறகே கடவுள் பெயரைச் சொல்லலாம். தூதர்கள் மூன்று 'பரிசுத்தர்' சொன்ன பிறகுதான் சொல்ல முடியும். தூதர்களில் சிலருக்கு நாளுக்கு ஒருமுறை, சிலருக்கு வாரத்துக்கு ஒருமுறை, சிலருக்கு மாதத்துக்கு, வருடத்துக்கு, ஏழு வருடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். மனிதன் எப்போது வேண்டுமானாலும் பாடலாம். யாக்கோபோடு இரவெல்லாம் மல்லுக்கட்டிய தூதன் விடியும்போது விடு விடு என்று கெஞ்சியதற்கும் அங்கே காரணம் சொல்கிறார்கள்: படைக்கப்பட்ட நாளிலிருந்து அன்றுதான் அவனுக்குப் பாட முறை வந்ததாம்.

ஹெக்காலோத் நூலும் ஒரு இடத்தில் இந்தப் பக்கம் சாய்கிறது. கீழே ஜெபஆலயத்தில் கெதுஷா சொல்லும் நேரத்தில், மேலே கடவுள் தம் சிம்மாசனத்தில் செதுக்கியிருக்கும் யாக்கோபின் முகத்தைக் குனிந்து அணைத்து முத்தமிடுகிறார் என்று எழுதியிருக்கிறது. ஏழு வாசல், முத்திரை, கோடரி எல்லாம் கடந்து போனவன் திரும்பி வந்து சொல்லும் செய்தி, கீழே நிற்கிறவர்கள் பாடினால் போதும் என்பதா? அப்படித்தான் எனக்குப் படுகிறது.

பாடுவது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதிலும் சச்சரவு வந்தது. பாபிலோனியாவில் தினமும் கெதுஷா. இஸ்ரவேல் நாட்டிலோ ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் மட்டும். அங்கே குடியேறிய பாபிலோனியர்கள் சண்டை பிடித்து, எருசலேமிலும் தாங்கள் வாழ்ந்த ஊர்களிலும் தினமும் சொல்ல வைத்தார்கள் என்று கி.பி. 800 வாக்கில் பிர்கோய் பென் பாபோய் எழுதிய கடிதம் சொல்கிறது. எழுதியவர் பாபிலோனியக் கட்சி என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வென்றது அந்தக் கட்சிதான். இன்று காலையிலும் பிற்பகலிலும் உலகெங்கும் குதிகால்கள் எழுவது அதனால்.

இதற்குள் பாட்டு இன்னொரு வீட்டுக்கும் குடிபோயிருந்தது. புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தல் நூலில் எசேக்கியேலின் நான்கு உயிர்கள் ஏசாயாவின் ஆறு சிறகோடு வந்து, இரவும் பகலும் ஓயாமல் அதே மூன்று சொல்லைப் பாடுகின்றன. நான்காம் நூற்றாண்டுக்குள் கிறிஸ்தவ நற்கருணை வழிபாட்டில் அது நிலைபெற்றுவிட்டது. ஏசாயாவில் பூமி மட்டும் மகிமையால் நிறைந்திருந்தது. கிறிஸ்தவர்கள் வானத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கீழைச் சிரியத் திருச்சபையின் பழைமையான அத்தாய் மாரி வழிபாட்டில் அது சிரியாக் மொழியில் ஒலித்து, அந்த வழியாகக் கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களிடம் வந்தது. ஐரோப்பாவில் பாக் 1724 கிறிஸ்துமஸுக்கு இதற்கு இசை அமைத்தபோது ஆறு குரல்களுக்கு எழுதினார். சேராபீனின் ஆறு சிறகுக்கு ஆறு குரல் என்று இசைக்காரர்கள் சொல்வது நம்பும்படி இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வந்த கதையில் ஒரு சாவு உண்டு. இங்கிலாந்தின் ஹாட்னெட் கிராமத்தில் குருவாக இருந்தபோது ரெஜினால்டு ஹீபர் இந்த மூன்று சொல்லில் தொடங்கும் ஒரு ஞானப்பாட்டை எழுதினார். 1823இல் கல்கத்தா பிஷப் ஆனார். 1826 ஈஸ்டரைத் தஞ்சாவூரில் கொண்டாடிவிட்டுத் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். ஏப்ரல் 3ஆம் தேதி காலை வழிபாட்டை முடித்துக்கொண்டு தங்கியிருந்த பங்களாவின் குளியல் தொட்டியில் இறங்கியவர் பிணமாகத்தான் வெளியே வந்தார். வயது 42. திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. பாட்டு அவர் இறந்த பிறகே பரவியது. 1861இல் ஜான் பாக்கஸ் டைக்ஸ் மெட்டுப் போட்ட பிறகு ஆங்கிலம் பேசும் எல்லாச் சபைக்கும் போனது. தமிழிலும் வந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு இது மனப்பாடம்.

ஹீபர் தஞ்சாவூர் வந்தபோது அவர் முன் ஒரு தகராறு காத்திருந்தது. கிறிஸ்தவர்களான பிறகும் மேல்சாதிக்காரர்கள் ஆலயத்தில் தனியே உட்கார்ந்தார்கள். நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் பருகுவது என்பதிலும் சாதி வரிசை இருந்தது. வானதூதர் பாட்டைச் சொல்லிவிட்டு எடுக்கும் கிண்ணம் அது. ஹீபர் கண்டிப்புக் காட்டவில்லை, கேள்விகள் அனுப்பி விசாரிக்கவே செய்தார். பின்னாளில் அதே பதவிக்கு வந்த பிஷப் டேனியல் வில்சன், 1833இல் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனே முழுதாக ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். அதை ஏற்காமல் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள்.